நாலு படிக்கட்டு, ஒரே தண்ணீர்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் 2006–2010 அணியின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்களைச் சில இடங்களில் மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம், "தம்பி, பத்து நிமிஷம் பேசு. பழைய நினைவுகளைச் சொல்லு. எல்லாரும் சிரிக்கணும்" என்றார். சிரிக்கிற நினைவுகள் எனக்கும் உண்டு. மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடிய கதை, சர்வே கேம்ப்பில் கருவியை மறந்துவிட்டுப் போன கதை எல்லாம் நம் அணி நண்பர்கள் காலையிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். நான் சிரிப்பு வராத ஒரு நினைவைச் சொல்ல அனுமதி கேட்டேன். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சொல்லு" என்றார். அவருக்கு முதல் நன்றி.

என் சொந்த ஊர் திருவெள்ளறை. துறையூர் சாலையில், மண்ணச்சநல்லூரைத் தாண்டி வரும் ஊர். வெண்பாறை மேல் கோயில் கொண்டிருக்கும் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க உங்களில் பலர் வந்திருப்பீர்கள். முதல் வருஷம் முழுக்க நம்பர் ஒன் டோல்கேட் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் படியில் தொங்கிக்கொண்டு வந்தவன் நான். இரண்டாம் வருஷம்தான் ஹாஸ்டலில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த அறைத் தோழனைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு அவனை எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். கோயிலைப் பார்த்துவிட்டு, ஸ்வஸ்திக் வடிவில் இருக்கும் பழைய கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் தோண்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு அது. நாலு பக்கமும் நாலு படிக்கட்டு. ஒவ்வொன்றும் ஒரு மடக்கு மடங்கி இறங்கும். ஒரு வாசலில் இறங்குகிறவரை அடுத்த வாசலில் இறங்குகிறவர் பார்க்க முடியாது. அதனால் ஊர் வழக்கில் அதற்கு 'மாமியார் மருமகள் குளம்' என்று பெயர். நான் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்கவில்லை. "நல்லாத்தாண்டா யோசிச்சிருக்கான். எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு" என்றான். எங்களை மாதிரி என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. ஏதோ தமாஷ் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருஷம், 2008. அவன் நோட்டுக்குள் இருந்த ஒரு கடிதம் யார் கையிலோ சிக்கியது. அவன் ஒரு நண்பனுக்கு எழுதி, தபாலில் போடாமலே வைத்திருந்த கடிதம். காதல் கடிதம் என்றுதான் சொல்ல வேண்டும். அதை மெஸ்ஸில் உரக்கப் படித்தார்கள். மறுநாளே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நானும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். அவனோடு ஒரே அறையில் இருக்கிற என்னையும் சந்தேகப்படுவார்களோ என்ற பயம் எனக்கு. எல்லாரையும் விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

ஒரு நாள் ராத்திரி நாலு பேர் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். நான் பின்னாலேயே போனேன். பாதிப் படியில் நின்றேன். மேலே அடி விழுகிற சத்தம் கேட்டது. அவன் "விட்டுடுங்கண்ணா" என்று சொன்னது கேட்டது. நான் திரும்பி அறைக்கு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். இதுதான் நான் செய்தது. காலையில் அவன் புருவத்தின் மேல் காயம், ஆறு தையல். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று வார்டனிடம் சொன்னான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அடுத்த செமஸ்டருக்கு அவன் வரவில்லை.

நண்பர்களே, இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? ஒரு கல்லூரியின் கதை மட்டும் இல்லை இது என்பதால்தான்.

1998 அக்டோபரில் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் படித்த மாத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவனை இரண்டு பேர் ஊருக்கு வெளியே கொண்டு போய் அடித்து, ஒரு வேலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். அவன் தன்பால் ஈர்ப்பு உள்ளவன். பல மணி நேரம் கழித்து அந்த வழியே வந்த ஒருவர்தான் பார்த்தார். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவனுடைய அப்பா டென்னிஸ் ஷெப்பர்ட் நம்மைப் போலத் தொழில்துறைக்காரர். சவூதியில் எண்ணெய் நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். கொலையாளிக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு அவரும் அவர் மனைவி ஜூடியும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். இப்படிப்பட்ட வெறுப்புக் குற்றங்களுக்கு எதிராக 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த சட்டத்தில் அவர்கள் மகன் பெயரும் இருக்கிறது. 11 வருஷம் ஆயிற்று. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், மற்றவர் பிள்ளைகளுக்காக நடந்த நடை அது.

"அது அமெரிக்கா, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் ஊர்க் கணக்கையும் பாருங்கள். 2006-ல் சென்னையில் ஒரு திருநங்கையைத் திருட்டு வழக்கில் சந்தேகத்தின் பேரில் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, பாலியல் துன்புறுத்தல் வரை போனது. தாங்க முடியாமல் அவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய அக்கா தங்கை உறவு அறுந்துபோகவில்லை. சகோதரி உயர் நீதிமன்றம் வரை போனார். 2007-ல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு அடுத்த வருஷம், 2008 ஏப்ரலில், இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில்தான் திருநங்கையருக்கு நல வாரியம் அமைந்தது. 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லும் அந்த ஆண்டுகளில்தான் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. நாம் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அதே 2008. ஊரில் ஒரு நல்ல சொல் பிறந்துகொண்டிருந்தபோது நம் மெஸ்ஸில் ஒரு கெட்ட பட்டப்பெயர் பிறந்தது.

2009 ஜூலை 2-ந் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது 377-ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. மறுநாள் பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. அறையில் அவன் கட்டில் வேறொருவனுக்குப் போயிருந்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. மறுபடி வழக்கு, மறுபடி வாதம். கடைசியில் 2018 செப்டம்பர் 6-ந் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, குற்றம் இல்லை என்று முடிவாகச் சொன்னது.

அந்த வழக்கில் நம் சங்கம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சேதி இருக்கிறது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டவர்களில் 20 பேர் ஐ.ஐ.டி.களின் முன்னாள், இந்நாள் மாணவர்கள். அதாவது, நம்மைப் போல ஒரு பழைய மாணவர் கூட்டம். நாம் கூடினால் குரூப் போட்டோ எடுக்கிறோம், கட்டட நிதி சேர்க்கிறோம். நல்ல காரியம்தான். அவர்கள் கூடி, தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு, "எங்களைக் குற்றவாளி என்று சொல்லாதீர்கள்" என்று நீதிமன்றத்தில் நின்றார்கள்.

சட்டம் மாறியதும் வீடு மாறிவிடுமா? மாறாது. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் ஓர் அபூர்வமான காரியம் செய்தார். இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் செய்யும் வைத்தியம் கூடாது என்றார். போலீஸ்காரர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் விழிப்புணர்வு வேண்டும் என்றார். அதைத் தொடர்ந்து 2022-ல் தமிழக அரசு, காவலர் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தனி விதி சேர்த்தது. தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட வைத்தியம் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு நீதிபதியே "எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது, நாலு வருஷம் பொறியியல் படித்த நமக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்?

'இது வெளிநாட்டுச் சரக்கு' என்பவர்களுக்கு

மேடைக்கு வருமுன் ஓர் அண்ணன் உரிமையோடு கேட்டார்: "இதெல்லாம் நம்ம கலாச்சாரமாப்பா? வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கு எது என்று பார்த்தால், அந்த 377-ஆம் பிரிவுதான். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிக் கொடுத்த சட்டம் அது. இன்னொரு பக்கம், ஆண் பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களை எப்படி அழைப்பது என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே இலக்கணம் இருக்கிறது. சிலப்பதிகாரம் சொல்லும் பதினோரு ஆடல்களில் பேடு என்பதும் ஒன்று. ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள்? இங்கே ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளும்போது கண்ணீர் விட்டுச் சேவிக்கிறோமே! அதைக் கொண்டு நான் புதுச் சித்தாந்தம் எதுவும் பேச வரவில்லை. அந்த வேறுபாடு நம் கண்ணுக்குப் புதிது இல்லை என்று மட்டும் சொல்கிறேன். அடிப்பதும் விரட்டுவதும்தான் நம் மரபு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பொறியாளர்களுக்காக இன்னொரு சேதி. கணிப்பொறிக்கு அடிப்படை போட்ட ஆலன் டூரிங்கை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அவருடைய தாய்வழித் தாத்தா எட்வர்டு ஸ்டோனி சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அம்மா பிறந்தது நம் கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் சங்கேதத்தை உடைத்துத் தன் நாட்டைக் காப்பாற்ற உதவிய அந்த மனிதரை, தன்பால் ஈர்ப்பு குற்றம் என்று 1952-ல் அதே நாடு தண்டித்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி. 1954-ல், 41 வயதில் இறந்துபோனார். 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. செத்தவருக்கு மன்னிப்பு வந்து என்ன பயன்? இன்னும் எத்தனை கணக்கு அந்த மூளையில் இருந்திருக்கும்!

உலகம் ஒரே சீராகவும் போகவில்லை. 1990 மே 17-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்த நாளையே 2005 முதல் இந்த வெறுப்புக்கு எதிரான நாளாகப் பல நாடுகளில் அனுசரிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் வாரா வாரம் விமானம் ஏறிப் போகிற சிங்கப்பூர், 2022-ல் தன் பழைய 377ஏ பிரிவை நீக்க முடிவெடுத்தது. 2023-ல் உகாண்டாவோ சில நிலைகளில் மரண தண்டனை வரை போகும் சட்டம் போட்டது. இன்றும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது குற்றம்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் சங்க உறுப்பினர்களுக்கு இது வெறும் செய்தி இல்லை. அவர்களில் சிலருக்கு உயிர்ப் பிரச்சனையாகவும் இருக்கலாம்.

நியர் மிஸ்

நான் இப்போது கொதிகலன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கள் ஷாப் ஃப்ளோரில் 'நியர் மிஸ்' என்று ஒரு பதிவேடு உண்டு. மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தது, யார் தலையிலும் படவில்லை என்றாலும் எழுத வேண்டும். ஏன்? இன்று படாத ஸ்பேனர் நாளைக்குப் படும். பெரிய விபத்துக்கு முன்னால் சின்னச் சின்னதாகப் பல முறை எச்சரிக்கை வந்திருக்கும். யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

என் தோழன் விஷயத்தில் அந்தக் கடிதத்தைப் படித்தது முதல் எச்சரிக்கை. பட்டப்பெயர் இரண்டாவது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தது மூன்றாவது. மொட்டை மாடி திடீரென்று வரவில்லை, படிப்படியாக வந்தது. ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்களில் நானும் ஒருத்தன். அடித்த நாலு பேரும் ராட்சசர்கள் இல்லை. இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள், குழந்தைகளை ஸ்கூலில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்கள் அன்று அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், "வேண்டாம்டா" என்று ஒருத்தன்கூடச் சொல்லாததுதான்.

1996-ல் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். 2016-ல் யு.ஜி.சி. தன் ராகிங் விதியைத் திருத்தியது பலருக்குத் தெரியாது. ஜாதி, மதம், மொழி, தோற்றம் ஆகியவற்றோடு, திருநர் என்பதற்காகவோ, பாலின ஈர்ப்புக்காகவோ ஒரு மாணவரைக் கேலி செய்து ஒதுக்குவதும், உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. தம்பிகளே, பட்டப்பெயர் வைப்பது 'ஜாலி' இல்லை. விதிப்படியே குற்றம்.

என் தோழன் சொன்னது

எட்டு வருஷம் கழித்து அவனைத் தேடிப் பிடித்தேன். அரியர் எல்லாம் எழுதி முடித்து, டிகிரி வாங்கி, வேறு மாநிலத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். "நீ அடிக்கலையேடா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா நீ படியில நின்னது எனக்குத் தெரியும். உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நீ மேல வருவேன்னு நெனச்சேன்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இந்தப் பேச்சுக்கு அவனிடம் அனுமதி கேட்டபோது அவன் சொன்னது: "என் பேரைச் சொல்லாத. பயம்னு நெனைக்காத. அம்மாகிட்ட நானே முதல்ல சொல்லணும். மத்தவங்க வாயால அவங்களுக்குப் போகக் கூடாது. ஆனா நீ படியில நின்னதை மட்டும் மறைக்காமச் சொல்லு." சொல்லிவிட்டேன்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன்.

ஒன்று, அந்த 2016 விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு ஹாஸ்டல் வாசலிலும் மெஸ்ஸிலும் மாட்ட வேண்டும். பக்கத்திலேயே ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 இரண்டும் இருக்கட்டும். செலவு முழுக்க எங்கள் அணியுடையது.

இரண்டு, நம் கட்டட நிதியில் ஒரு சிறு பங்கை எடுத்து, மாணவர்கள் பெயர் வெளியே தெரியாமல் போய்ப் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரை அமர்த்த வேண்டும். வாரம் இரண்டு நாள் போதும். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்கிறவராக மட்டும் இருக்கக் கூடாது.

மூன்று, பாதியில் படிப்பை விட்டுப் போனவர்களையும் இந்தச் சந்திப்புக்குக் கூப்பிட வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் முன்னாள் மாணவர்களா? போனவர்களில் எத்தனை பேர் தாமாகப் போனார்கள், எத்தனை பேரை நாம் அனுப்பிவைத்தோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா?

பெற்றோராக வந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து இப்படி ஒன்றைச் சொன்னால், உடனே பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. "சாப்பிட்டியா? உட்காரு, பேசுவோம்" என்றால் போதும். கதவைச் சாத்தாமல் இருந்தாலே பாதி உயிர் பிழைக்கும்.

எங்கள் ஊர்க் கிணற்றில் நாலு படிக்கட்டு. யார் எந்த வழியில் இறங்கினாலும் கையில் அள்ளுவது ஒரே தண்ணீர். என் தோழனைப் போன்றவர்கள் மறைந்து மறைந்து இறங்கியது போதும். தம்பிகளே, என்றாவது ஒரு ராத்திரி மாடிப்படியில் அப்படியொரு சத்தம் கேட்டால், பாதியில் நிற்காதீர்கள். மேலே ஏறிப் போங்கள். பயமாக இருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். நான் போகவில்லை. நீங்கள் போங்கள்.